இணையப் படிவத்திற் புதிய உறுப்பமைக்கும் முறை

வினாவுவோனும் விடையிறுப்போனும் ஒருவரையொருவர் நேரிற் காணாதவிடத்து அவ்விருவர்க்கும் இடைநின்று உதவுவது படிவமாகும். பாடசாலை அனுமதி, பரீட்சை விண்ணப்பம், வங்கிக் கணக்கு, பிறப்புப் பதிவு ஆகிய யாவும் படிவத்தின் வாயிலாகவே நடைபெறுகின்றன. தாளில் அமைந்த படிவத்திற்கு ஒரு சிறப்புண்டு. நிரப்புவோன் இட்ட எழுத்து இட்டவாறே நிற்கும். அது பிழையாயினும் பிழையென்று பின்னர்க் கண்டுகொள்ளலாம். கணினித் திரையில் தோன்றும் படிவமோ அத்தகையதன்று. அங்கே கண்ணுக்குப் புலனாகும் எழுத்து வேறு. உள்ளே சேமிக்கப்படும் பெறுமானம் வேறு. இவ்விரண்டும் ஒத்திருத்தல் தானாக அமைவதன்று. படிவத்தை ஆக்குவோனின் கவனத்தால் அமைவதாகும். அக்கவனம் தவறுமாயின், நிரப்புவோன் ஒன்றை எழுதப் பதிவேடு வேறொன்றைப் பெறும். அக்குறை நேராவண்ணம் புதியதொரு படிவவுறுப்பை அமைக்கும் முறையினை, இணையச் செயலிகளை ஆக்கப் பயன்படும் சட்டகங்களுள் ஒன்றாகிய அங்குலரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலாவி தரும் உறுப்புகள்

உலகளாவிய வலை என்னும் அமைப்பைச் செனீவா நகரையடுத்த ‘சேர்ன்’ ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ரிம் பேணேஸ் லீ என்பார் 1989ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழியாகிய எச்.ரி.எம்.எல். இன் 2.0 பதிப்பு 1995 நவெம்பரில் வெளியிடப்பட்டது. அப்பதிப்பிலேயே படிவத்துக்குரிய அடிப்படை உறுப்புகள் இடம்பெற்றன. ஒருவரி எழுதும் பெட்டி, பலவரி எழுதும் பெட்டி, சரியடையாளம் இடும் பெட்டி, பலவற்றுள் ஒன்றைத் தெரியும் வட்டப் பொத்தான், தெரிவுப்பட்டியல், அனுப்பும் பொத்தான் என்பன அவை. பின்னர் 2014 ஒக்ரோபரில் முழுமைபெற்ற எச்.ரி.எம்.எல். 5 ஆனது திகதி, எண், மின்னஞ்சல் முகவரி முதலியவற்றுக்குத் தனித்தனி உறுப்புகளை வழங்கிற்று.

இவ்வுறுப்புகளுக்கு வேண்டிய பணிகள் பலவற்றை உலாவியே கவனித்துக்கொள்கின்றது. ராப் சாவியை அழுத்தினால் அடுத்த பெட்டிக்குச் செல்லுதல், பெயர்ச்சீட்டைச் சுட்டியால் தொட்டால் உரிய பெட்டி எழுதுவதற்கு ஆயத்தமாதல், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்குப் பெட்டியின் பெயரையும் நிலையையும் அறிவித்தல், படிவம் அனுப்பப்படும்போது பெறுமானத்தைக் கொண்டுசேர்த்தல் என்பன அப்பணிகளுட் சில. இவற்றைச் செய்நிரலாளன் எழுதவேண்டுவதில்லை. எழுதவேண்டாமையினாலேயே இவை உள்ளனவென்பதையும் அவன் மறந்துவிடுவதுண்டு. புதிய உறுப்பொன்றை ஆக்கத் தொடங்கும்போதுதான் உலாவி இதுகாறும் சுமந்துவந்த சுமை இன்னதென்பது புலனாகும்.

புதிய உறுப்பு வேண்டப்படும் இடம்

உலாவி தரும் உறுப்புப் போதுமாயின் புதியதை ஆக்குதல் வீண்முயற்சியாகும். ஆயினும் போதாத இடங்களும் உள. பிறந்த திகதியை வினாவுதல் அவற்றுள் ஒன்று. உலாவியின் திகதிப் பெட்டி பெரும்பாலும் ஒரு நாட்காட்டியை விரித்துக் காட்டும். வருகின்ற வாரத்தில் ஒரு நாளைத் தெரிவதற்கு அது மிகப் பொருத்தமானது. அறுபதாண்டுகளுக்கு முன்னர்ப் பிறந்த ஒருவர் தம் பிறந்த நாளைத் தேடி மாதம் மாதமாகப் பின்செல்லுதல் பொருத்தமானதன்று. மேலும், அப்பெட்டி நாளையும் மாதத்தையும் எவ்வரிசையிற் காட்டும் என்பது பயன்படுத்துவோரின் மொழி, நாட்டு அமைப்புகளைப் பொறுத்தது. 05/06 என்பது ஓரிடத்தில் யூன் மாதம் 5ஆம் நாள். மற்றோரிடத்தில் மே மாதம் 6ஆம் நாள்.

இக்காரணங்களை நோக்கின், மனத்தில் ஏற்கெனவே பதிந்துள்ள திகதிகளை நாள், மாதம், ஆண்டு என மூன்று தனிப்பெட்டிகளிற் கேட்டல் சிறந்ததென்பது தெளிவாகும். பிரித்தானிய அரசாங்கத்தின் இணையச் சேவைகளுக்குரிய வடிவமைப்பு நெறி இம்முறையையே பரிந்துரைக்கின்றது. ஆனால் பெட்டிகள் மூன்றாயினும் விடை ஒன்றேயாகும். படிவத்தைப் பொறுத்தவரை பிறந்த திகதி என்பது ஒரே பெறுமானம். மூன்று பெட்டிகளை ஓர் உறுப்பாக ஒன்றுபடுத்திக் காட்டுவதே இங்குச் செய்யவேண்டிய காரியம்.

அங்குலரும் அதன் வாயிலும்

அங்குலர் என்பது கூகிள் நிறுவனத்தார் ஆக்கிய சட்டகம். இதன் முன்னோடியாகிய ‘அங்குலர்யேஎஸ்’ 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கான ஆதரவு 2021 டிசெம்பரோடு முடிவுற்றது. அடியோடு மாற்றி எழுதப்பட்ட இப்போதைய அங்குலர் 2016 செப்ரெம்பர் 14ஆம் நாள் வெளியாயிற்று. இது ரைப்ஸ்கிரிப்ற் என்னும் மொழியில் எழுதப்படுவது.

இச்சட்டகத்திற் படிவமொன்றுக்கு இருபக்கங்கள் உள. ஒன்று செய்நிரலின் உள்ளேயிருக்கும் மாதிரி. மற்றொன்று திரையிலே தோன்றும் உறுப்பு. பெறுமானம் யாது, அது வலிதானதா வலிதற்றதா, நிரப்புவோன் அதனை மாற்றினானா, அதனைத் தொட்டுச் சென்றானா என்னும் செய்திகளை மாதிரி தன்னகத்தே கொண்டிருக்கும். திரையிலுள்ள உறுப்போ இவற்றை அறியாது. எழுத்தைக் காட்டவும் எழுத்தை வாங்கவுமே அது வல்லது. இவ்விரண்டையும் இணைப்பதற்குச் சட்டகம் ஓர் இடைமுகத்தை வகுத்துள்ளது. ‘கொன்றோல் வலியூ அக்செசர்’ என்பது அதன் பெயர். தமிழில் இதனைப் பெறுமான வாயில் எனலாம்.

தமிழிலக்கணம் பயின்றார்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். பெயர்ச்சொல் தன்னளவிற் பொருள் நிறைந்ததேயாயினும் வினையோடு பொருந்துதற்கு வேற்றுமையுருபு வேண்டும். ‘மரம்’, ‘வெட்டினான்’ என்னும் சொற்கள் அடுத்தடுத்து நின்றால், மரம் வெட்டப்பட்டதா, மரத்தால் ஏதேனும் வெட்டப்பட்டதா என்பது துணியப்படாது. உருபு வந்தபின்னரே உறவு தெளிவாகும். அதுபோலவே, எவ்வளவு அழகாக அமைந்த உறுப்பாயினும் பெறுமான வாயிலை ஏற்றாலன்றிப் படிவத்தோடு பொருந்தாது. வாயிலற்ற உறுப்பைப் படிவத்திற் பிணைக்க முயன்றால், இவ்வுறுப்புக்குப் பெறுமான வாயில் இல்லை என்னும் பிழைச்செய்தியைச் சட்டகம் காட்டி நின்றுவிடும்.

உலாவியின் சொந்த உறுப்புகளுக்கு வேண்டிய வாயில்களைச் சட்டகமே ஆக்கி வைத்துள்ளது. எழுத்துப்பெட்டிக்கு ஒன்று, சரியடையாளப் பெட்டிக்கு ஒன்று, தெரிவுப்பட்டியலுக்கு ஒன்று எனத் தனித்தனி வாயில்கள் உள. புதிய உறுப்புக்குரிய வாயிலை அதனை ஆக்குவோனே எழுதல் வேண்டும்.

வாயிலின் நான்கு கடமைகள்

பெறுமான வாயிலிற் சார்புகள் நான்கு உள. அவற்றுள் முதல் மூன்றும் கட்டாயமானவை; நான்காவது விரும்பினால் எழுதத்தக்கது.

முதலாவது ‘றைற் வலியூ’ என்னும் எழுதுசார்பு. மாதிரியிலிருந்து திரைக்குப் பெறுமானம் வரும் வழி இதுவாகும். முன்னர்ச் சேமித்த விண்ணப்பமொன்றைத் திறக்கும்போது ‘2010-05-14’ என்னும் பெறுமானம் இச்சார்பினிடம் ஒப்படைக்கப்படும். அது அதனைப் பிரித்து 14, 5, 2010 என மூன்று பெட்டிகளிலும் இடுதல் வேண்டும். படிவம் முழுவதும் வெறுமையாக்கப்படும்போது வெறும்பெறுமானமும் இவ்வழியே வரும். அப்போது மூன்று பெட்டிகளும் துடைக்கப்படல் வேண்டும். அங்குலரின் வார்ப்புரு சார்ந்த படிவங்களில் உண்மையான பெறுமானம் வருமுன்னர் ஒருமுறை வெறும்பெறுமானம் வருவதும் உண்டு. அதனை எதிர்பாராது எழுதப்பட்ட உறுப்பு, பக்கம் திறந்த அக்கணமே பிழைபட்டு நிற்கும்.

இரண்டாவது ‘றெஜிஸ்ரர் ஒன் சேஞ்ச்’ என்னும் மாற்றப்பதிவு. இதன் இயல்பைப் புதிதாகக் கற்போர் பலர் பிழைபட உணர்வர். நிரப்புவோன் ஏதேனும் எழுதும்போது அழைக்கப்படுவது இச்சார்பன்று. தொடக்கத்தில் ஒருமுறை சட்டகம் இதனை அழைத்து வேறொரு சார்பைக் கையளிக்கும். மாற்றம் நிகழுந்தோறும் அக்கையளித்த சார்பின்வழி அறிவிக்குமாறு பணிக்கும். உறுப்பு அதனைப் பேணிவைத்து, நிரப்புவோன் எழுத்தை மாற்றுந்தோறும் புதிய பெறுமானத்தை அதன்வழி அனுப்புதல் வேண்டும். தபாற்காரன் முகவரியிட்ட உறையொன்றைத் தந்து, செய்தி உண்டாகும்போது இதிலே இட்டு அனுப்புக என்று சொல்லிச் செல்வதை இதற்கு ஒப்பிடலாம்.

மூன்றாவது ‘றெஜிஸ்ரர் ஒன் ரச்ட்’ என்னும் தொடுகைப்பதிவு. இதுவும் முன்னதைப்போல ஒரு சார்பைக் கையளிப்பதே. நிரப்புவோன் உறுப்பினுட் புகுந்து வெளியேறிவிட்டான் என்பதை அறிவித்தற்கு இது உதவும். பெரும்பாலான படிவங்கள் பிழைச்செய்தியை எடுத்த எடுப்பிற் காட்டாது, நிரப்புவோன் அவ்விடத்தை விட்டு நீங்கிய பின்னரே காட்டுகின்றன. மூன்று பெட்டிகளுள்ள உறுப்பில் ஒரு நுட்பம் உண்டு. நாட்பெட்டியிலிருந்து மாதப்பெட்டிக்குச் செல்லுதல் உறுப்பை விட்டு நீங்குதலாகாது. அதனை நீங்குதலெனக் கொண்டால், ஒருவர் நாளை மட்டும் எழுதி முடித்த அளவிலேயே ‘திகதி முழுமையற்றது’ என்று திரை அவரைக் கடியும். ஆகவே, குவியம் எங்கே செல்கின்றது என்பதை நோக்கி, அது மூன்று பெட்டிகளுக்கும் புறத்தே சென்றால் மட்டும் அறிவித்தல் வேண்டும்.

நான்காவது ‘செற் டிசேபிள்ட் ஸ்ரேற்’ என்னும் முடக்கநிலைச் சார்பு. படிவம் இவ்வுறுப்பை முடக்குமாறு பணிக்கும்போது மூன்று பெட்டிகளும் எழுதவியலாதனவாக மாறல் வேண்டும். விரும்பினால் எழுதத்தக்கது என்பதைக் கொண்டு இதனை விட்டுவிடுவோர் உளர். அதன் விளைவு சிறிதன்று. அங்குலரில் முடக்கப்பட்ட உறுப்பின் பெறுமானம் படிவத்தின் தொகுத்த பெறுமானத்திற் சேராது. உள்ளே முடக்கப்பட்டும் திரையில் முடக்கப்படாதும் ஓர் உறுப்பு நிற்குமாயின், நிரப்புவோன் தன் பிறந்த திகதியைச் செவ்வனே எழுதுவான், பொத்தானை அழுத்துவான், அவன் எழுதிய திகதி எங்கும் போய்ச் சேராது. 2022 நவெம்பரில் வெளிவந்த 15ஆம் பதிப்பு முதலாக, உறுப்பு படிவத்தோடு பிணைக்கப்படும்போதே, முடக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், இச்சார்பு அழைக்கப்படுகின்றது.

இந்நான்கினும் பொதிந்துள்ள விதி ஒன்றே. மாதிரியிலிருந்து வந்ததைக் காட்டுக. நிரப்புவோனிடமிருந்து வந்ததை அறிவிக்க. தானாக எதனையும் கூறற்க. நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர் சாட்சி சொல்லாததைத் தாம் சொல்லார். அவ்வாறே எழுதுசார்பு பெறுமானத்தைப் பெற்ற இடத்தில், அதனையே மாற்றமெனத் திருப்பி அறிவித்தல் கூடாது. அறிவித்தால் நிரப்புவோன் கைவைக்காத படிவம் மாற்றப்பட்ட படிவமாக எண்ணப்படும். பக்கத்தை மூட முயல்வோர் ‘சேமிக்கப்படாத மாற்றங்கள் உள’ என்னும் பொய்யெச்சரிக்கையைக் காண்பர். சட்டகமும் இவ்விதியைத் தன்பக்கத்திற் பேணுகின்றது. நிரப்புவோன் எழுதியதாக உறுப்பு அறிவித்த பெறுமானத்தை அது மீண்டும் அவ்வுறுப்பின் எழுதுசார்புக்கு அனுப்புவதில்லை.

வாயிலைப் பதிவுசெய்தல்

நான்கு சார்புகளையும் எழுதிவிட்ட அளவில் வேலை முடிவதில்லை. இக்கூறு பெறுமான வாயிலாகவும் விளங்கும் என்பதைச் சட்டகத்துக்குப் பதிவுசெய்து அறிவித்தல் வேண்டும். அதற்கென ‘என்ஜி வலியூ அக்செசர்’ என்னும் அடையாளம் ஒன்று உண்டு. அப்பதிவில் மூன்று செய்திகள் கவனிக்கற்பாலன.

ஒன்று, ஏற்கெனவே உள்ள கூறையே பயன்படுத்துக என்று குறிக்கும் ‘யூஸ் எக்சிஸ்ரிங்’ என்னும் சொல். இதற்கு மாறாகப் புதிய பிரதியொன்றை ஆக்குமாறு பணிக்கும் சொல்லை இட்டால், சட்டகம் கண்காணாத வேறொரு பிரதியோடு உரையாடிக்கொண்டிருக்கும். திரையில் உள்ள உறுப்பு ஒன்றுமறியாது நிற்கும். இரண்டு, ஓரடையாளத்தின்கீழ்ப் பல பதிவுகள் இருக்கக்கூடும் என்பதைக் குறிக்கும் ‘மல்ரி’ என்னும் சொல். இதனை விடுத்தால், சட்டகம் பட்டியலை எதிர்பார்த்த இடத்தில் தனிப்பொருளைக் கண்டு பிழைச்செய்தி தரும். மூன்று, ‘ஃபோவேட் றெஃப்’ என்னும் முன்னோக்குக் குறிப்பு. கூறின் தலைப்பகுதியில் இப்பதிவு எழுதப்படுகின்றது. அவ்வேளையில் கூறு இன்னும் வரையறுக்கப்பட்டிருக்கவில்லை. பின்னர் வரையறுக்கப்படும் ஒன்றை முன்னரே சுட்டுதற்கு இக்குறிப்பு உதவுகின்றது.

பெறுமானத்தைத் தெரிதல்

இனி, மூன்று பெட்டிகளிலிருந்து எத்தகைய பெறுமானத்தை ஆக்குவது என்பது வினா. யாவாஸ்கிரிப்ற் மொழியிலுள்ள திகதிப்பொருளை ஆக்கலாமே என்று தோன்றும். பிறந்த திகதியைப் பொறுத்தவரை அத்தெரிவு பல இடர்களுக்கு வழிகோலும்.

முதலாவது இடர் வழிந்தோடல். 2023ஆம் ஆண்டு பெப்ரவரி 31 என்று ஒருவர் தவறாக எழுதினால், திகதிப்பொருள் அதனை மறுப்பதில்லை. மிகுந்த நாட்களை அடுத்த மாதத்துக்குக் கொண்டுசென்று மார்ச் 3 எனக் கொள்ளும். தவறான விடை தவறென்று காட்டப்படாது வேறொரு சரியான விடையாக மாறிவிடுகின்றது. இரண்டாவது, மாதங்களை 0 முதல் எண்ணும் வழக்கம். அம்மொழியில் சனவரி 0, பெப்ரவரி 1 ஆகும். ஒன்றைக் கழிக்க மறந்தால் யாவரும் ஒரு மாதம் பிந்திப் பிறந்தவராவர். மூன்றாவது, ஆண்டைச் சுருக்கி எழுதுதல். நாள், மாதம், ஆண்டு எனப் பிரித்துக் கொடுக்கும்போது 0 முதல் 99 வரையுள்ள ஆண்டெண்கள் 1900 முதல் 1999 வரையுள்ள ஆண்டுகளாகக் கொள்ளப்படும். 2010ஆம் ஆண்டிற் பிறந்த பிள்ளைக்காக ‘10’ என்று எழுதினால் அப்பிள்ளை 1910இற் பிறந்து நூறு வயது மூத்ததாகிவிடும்.

நான்காவது இடர் இலங்கையிலுள்ளார்க்கு நேரே உரியது. திகதிப்பொருள் உண்மையில் திகதியன்று. காலவோட்டத்தில் ஒரு கணத்தைக் குறிப்பதாகும். 2010 மே 14 என்று கொடுத்தால், இலங்கையிலுள்ள கணினியில் அது அந்நாளின் உள்ளூர் நள்ளிரவைக் குறிக்கும். அதனைச் சேவையகத்துக்கு அனுப்புதற்கு நியம வடிவ எழுத்தாக மாற்றும் சார்பு உலகப்பொது நேரத்திலேயே எழுதும். இலங்கை நேரம் உலகப்பொது நேரத்தினும் 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஆகவே 14ஆம் நாள் நள்ளிரவு என்பது 13ஆம் நாள் மாலை 6.30 ஆகிவிடும். நேரப்பகுதியை வெட்டித் திகதிப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டால் எஞ்சுவது மே 13. திரையில் நிரப்புவோன் கண்டது 14. பதிவேட்டிற் புகுந்தது 13. எந்தப் பிழைச்செய்தியும் எங்கும் தோன்றாது.

ஒரு நாள்தானே என்று இதனைப் புறக்கணித்தல் தகாது. இலங்கையில் 2016ஆம் ஆண்டு தொடக்கம் வழங்கப்படும் 12 இலக்கத் தேசிய அடையாள அட்டை எண்ணில் முதல் 4 இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த 3 இலக்கங்கள் அவ்வாண்டில் பிறந்த நாளின் வரிசையையும் குறிக்கின்றன. பெண்களுக்கு அவ்வரிசையோடு 500 கூட்டப்பெறும். பதிவேட்டிலுள்ள திகதி ஒரு நாள் பிசகினும் அட்டையின் எண்ணோடு அது முரணும். அம்முரணைத் தீர்க்கும் பொருட்டு அலுவலகந்தோறும் அலைபவர் அந்நிரலை எழுதியவர் அல்லர். அதனை நம்பித் தம் பிறந்த நாளைச் சரியாக எழுதியவரே.

எனவே, பிறந்த திகதியை ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் ‘2010-05-14’ என வெறும் எழுத்தாகவே கொள்ளுதல் தக்கது. உலாவியின் சொந்தத் திகதிப் பெட்டி தரும் பெறுமானமும் இவ்வடிவினதே. எழுத்துக்கு நேரவலயம் இல்லை. அது கொழும்பிலும் இலண்டனிலும் ஒன்றே. ஒற்றை இலக்கமாய் வரும் நாளுக்கும் மாதத்துக்கும் முன்னே 0 இட்டு இரண்டிலக்கமாக்குதல் மட்டும் மறத்தலாகாது.

வலிதாதலை ஆராய்தல்

மூன்று பெட்டிகளின் நிலைகளை நான்காக வகுக்கலாம். மூன்றும் வெறுமையாதல், சில நிரம்பிச் சில வெறுமையாதல், மூன்றும் நிரம்பியும் அத்தகைய நாள் இல்லாதிருத்தல், மூன்றும் நிரம்பி உண்மையான நாளாதல் என்பன அவை. இவற்றுள் நான்காவதிற்கு மட்டுமே திகதியெழுத்து உண்டு. ஏனைய மூன்றிலும் உறுப்பு வெறும்பெறுமானத்தையே அறிவித்தல் வேண்டும்.

இங்கேதான் பெரிய ஆபத்து ஒளிந்துள்ளது. முதல் நிலையும் இரண்டாம் நிலையும் மாதிரியின் பார்வையில் ஒன்றேயாகிவிடுகின்றன. கட்டாயமல்லாத வினாவாயின், வெறும்பெறுமானம் வலிதானதே. ஒருவர் நாளையும் மாதத்தையும் எழுதி ஆண்டை மறந்துவிட்டால், படிவம் அவர் ஒன்றுமே எழுதவில்லை என்று கொண்டு, தடையின்றி ஏற்றுக்கொள்ளும். எழுதியவரோ திகதியைக் கொடுத்துவிட்டதாகவே எண்ணியிருப்பார்.

இதனைத் தடுத்தற்கு உறுப்பு தன் வாயிலோடு வலிதாக்கும் கடமையையும் ஏற்றல் வேண்டும். அதற்கும் அங்குலர் ஓர் இடைமுகத்தை வைத்துள்ளது. அதிலுள்ள சார்பு, பிழையில்லாவிடத்து வெறும்பெறுமானத்தையும், பிழையுள்ளவிடத்து அப்பிழையின் பெயரையும் விடையாகத் தரும். முதல் நிலையில் பிழையில்லை என்க. விடை கட்டாயமா என்பது படிவத்தை ஆக்குவோன் தீர்மானிக்க வேண்டியது. இரண்டாம் நிலையில் ‘முழுமையற்றது’ என்னும் பிழையையும், மூன்றாம் நிலையில் ‘இல்லாத நாள்’ என்னும் பிழையையும் கூறுக. இங்ஙனம் செய்தால் பெறுமானம் வெறுமையாயினும் படிவம் அனுப்பப்படாது தடைப்படும். ஒவ்வோர் அறிவிப்பின்போதும் சட்டகம் வலிதாதலை மீண்டும் ஆராய்வதால், வெறும்பெறுமானத்தை மறுபடியும் வெறும்பெறுமானமாகவே அறிவித்தாலும் பிழைநிலை புதுப்பிக்கப்படும்.

ஒரு நாள் உண்டா இல்லையா என்பதைத் துணிய நெட்டாண்டு விதியை அறிதல் வேண்டும். 4ஆல் வகுபடும் ஆண்டு நெட்டாண்டு. ஆயின் 100ஆல் வகுபடுவது நெட்டாண்டன்று. 400ஆல் வகுபடுவதோ நெட்டாண்டேயாகும். எனவே 2000 பெப்ரவரி 29 உண்டு. 1900 பெப்ரவரி 29 இல்லை.

யாவர்க்கும் பயன்படல்

காணும் கண்ணும் சுட்டியைப் பிடிக்கும் கையும் உடையார்க்கு மட்டும் பயன்படும் உறுப்பு குறையுடையதே. மூன்று பெட்டிகளும் உலாவியின் சொந்த எழுத்துப்பெட்டிகளாகவே இருத்தல் நன்று. பெட்டிபோன்ற தோற்றத்தை வேறு குறிகளால் வரைந்துகாட்டுதல் நன்றன்று. ஒவ்வொரு பெட்டிக்கும் நாள், மாதம், ஆண்டு என்னும் பெயர்ச்சீட்டு இருத்தல் வேண்டும். மூன்றையும் ஒரு தொகுதியாக்கி அத்தொகுதிக்குப் ‘பிறந்த திகதி’ என்னும் பெயரிடுதலும் வேண்டும். தொகுதிப்பெயர் இல்லையாயின், திரைவாசிப்பானின் குரலைக் கேட்பவர் ‘நாள்’ என்பதை மட்டும் செவியுறுவார். எதன் நாள் என்பதை அறியார். புதிய கூறொன்றின் வெளிக்குறியோடு சாதாரணப் பெயர்ச்சீட்டைப் பிணைத்தால் அது பயன்தராது என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது.

இரண்டு இலக்கம் எழுதியதும் குவியத்தைத் தானாகவே அடுத்த பெட்டிக்குத் தள்ளுதல் விரைவுதரும் உதவியெனச் சிலர் கருதுவர். திரையைக் காணாதவரும் எழுதியதைத் திருத்த முயல்வோரும் அதனால் தடுமாறுவர். எழுதுவோன் விரும்பும்போது செல்ல விடுதலே முறை.

ஏனைய சட்டகங்களும் பிற்கால வளர்ச்சியும்

இம்முறை அங்குலருக்கு மட்டும் உரியதன்று. 2013இல் வெளியிடப்பட்ட றியாக்ற் என்னும் கருவித்தொகுதியில் பெறுமானம் மேலிருந்து உறுப்புக்குக் கொடுக்கப்படும். மாற்றம் அறிவிப்புச் சார்பின்வழி மேலே செல்லும். 2014இல் வெளிவந்த வியூ என்னும் சட்டகத்திலும் இவ்விருவழியே ஒரு குறியீட்டின்கீழ் அடங்கியுள்ளது. உலாவிகளும் தாமே புதிய உறுப்புகளைப் படிவத்திற் சேர்க்கும் வசதியை வழங்கத் தொடங்கின. அவ்வசதி குறோம் உலாவியில் 2019இலும், சஃபாரி உலாவியில் 2023இலும் இடம்பெற்றது. அங்குலரிலும் 2025 நவெம்பரில் வெளிவந்த 21ஆம் பதிப்பில், ‘சிக்னல்’ என்னும் முறையைத் தழுவிய புதிய படிவமுறையொன்று சோதனைநிலையில் அறிமுகமாயிற்று. அதில் நான்கு சார்புகளுக்கு மாற்றாகப் பெறுமானத்தைத் தாங்கும் இருவழி மாறியொன்று அமைகின்றது. பெயர்கள் மாறினும், காட்டுதலும் அறிவித்தலும் ஆகிய இருதொழிலும் மாறவில்லை.

முடிவுரை

ஆக்கிய உறுப்பைப் பிறர் கையிற் கொடுக்குமுன் ஆறு சோதனைகள் செய்து பார்த்தல் வேண்டும். நிரலிலிருந்து பெறுமானம் கொடுத்தால் பெட்டிகள் நிரம்புகின்றனவா? பெட்டியில் எழுதினால் பெறுமானம் மாறுகின்றதா? படிவத்தை வெறுமையாக்கினால் அரைகுறையாக எழுதியதும் நீங்குகின்றதா? முடக்கினால் உண்மையாகவே முடங்குகின்றதா? சுட்டியைத் தொடாது சாவிப்பலகையால் மட்டும் நிரப்பவியலுமா? எழுதிய நாளும் சேமித்த நாளும் ஒன்றா? இவ்வாறுக்கும் ஆம் என்னும் விடை கிடைத்தபின்னரே உறுப்பு முற்றுப்பெற்றதாகும்.

படிவத்தை நிரப்புவோர் அதன் உள்ளமைப்பை அறியார், அறியவேண்டுவதுமில்லை. தாம் எழுதியது எழுதியவாறே சென்றுசேரும் என்று அவர் நம்புகின்றனர். உலாவியின் உறுப்பை நீக்கித் தன் உறுப்பை அவ்விடத்தில் வைப்பவன் அந்நம்பிக்கையையும் தன்தலைமேல் ஏற்றுக்கொள்கின்றான். நான்கு சார்புகளையும் எழுதுதல் ஒருநாள் வேலை. அந்நம்பிக்கை பிழையாவண்ணம் எழுதுதலே தொழில்.